தலைக்காயமும் உணவும் நடத்தையும்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. உயிரிழந்தோரில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். பலத்த தலைக்காயம் எவ்வளவு கொடியது என்பதை எடுத்துரைக்க இந்த எண்களே போதும்.

ஆனால் இக்கணக்குகளுள் அடங்காத தலைக்காயங்களும் உள்ளன. வண்டி சறுக்கித் தரையில் தலை மோதிய தொழிலாளி சிறிது நேரம் கண் இருண்டு, பின் எழுந்து வேலைக்குச் சென்றுவிடுகிறார். கபடி ஆடுகளத்தில் மோதி விழுந்த இளைஞன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு மீண்டும் பாடிச் செல்கிறான். கணவனின் அடியால் சுவரில் தலை மோதிய பெண் அதை வெளியே சொல்வதேயில்லை. இவை பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இத்தகைய சிறு காயங்கள் ஒரே மனிதருக்குப் பலமுறை நேரும்போது, அவருடைய நினைவாற்றலும் மனநிலையும் நடத்தையும் மாறக்கூடும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. அம்மாற்றத்தின் அளவை அவர் உண்ணும் உணவு கூட்டவோ குறைக்கவோ வல்லதா என்பது கடந்த இருபது ஆண்டுகளில் ஆராய்ச்சியாளரின் கவனத்தைக் கவர்ந்துள்ள கேள்வி. இக்கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளையும், அவற்றின் எல்லைகளையும், நம் நாட்டிற்கு அவற்றால் விளையும் பாடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறு காயம் என்பது எது?

மண்டை ஓட்டினுள் ஒரு திரவத்தில் மிதந்தபடி மூளை அமைந்துள்ளது. தலை திடீரென்று அசைக்கப்படும்போதோ, ஓடிக்கொண்டிருந்த தலை திடீரென்று நிறுத்தப்படும்போதோ மூளை உள்ளே அதிர்ந்து முறுக்கப்படுகிறது. இதையே மூளை அதிர்வு என்கிறோம். இதில் மண்டை ஓடு உடைந்திருக்க வேண்டியதில்லை. இரத்தம் சிந்தியிருக்க வேண்டியதில்லை. நினைவு இழந்திருக்கவும் வேண்டியதில்லை. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் எக்குறையும் தென்படாது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம், ஒளியையும் ஓசையையும் பொறுக்க இயலாமை, தூக்கக் கேடு, எரிச்சல், மறதி ஆகியவையே இதன் அறிகுறிகள்.

இவ்வாறு காயமுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் முழுமையாக நலமடைகின்றனர். இதை அழுத்திக் கூறுவது அவசியம். ஏனெனில் வீண் அச்சமும் நோயாளிக்குத் தீங்கே செய்யும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் அறிகுறிகள் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. முன்னரே ஒருமுறை காயமுற்றவர்களுக்கும், முதற்காயம் ஆறுமுன்னரே மறுமுறை அடிபட்டவர்களுக்கும் இந்த அபாயம் மிகுதி.

அடிமேல் அடியின் விளைவு

இவ்வுண்மையை மருத்துவருக்கு முதலில் உணர்த்தியது குத்துச்சண்டை அரங்கம். 1928இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், பல ஆண்டுகள் தலையில் குத்து வாங்கிய வீரர்கள் குடிபோதையில் இருப்பவர்போல் தள்ளாடுவதையும் மந்தமடைவதையும் விவரித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டார். 1973இல் பிரிட்டனில் கோர்செல்லிஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் 15 முன்னாள் குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை இறப்பிற்குப் பின் ஆராய்ந்தனர். மூளைத் திசுவை மட்டும் நோக்காது, அவ்வீரர்களின் உறவினர்களையும் சந்தித்து அவர்களது வாழ்க்கை வரலாற்றைக் கேட்டறிந்தனர். மறதியோடு, அடக்கமுடியாத சினமும் குணமாற்றமும் அவர்களில் பலரிடம் காணப்பட்டமை அப்போது தெரியவந்தது.

2005இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் மூளையிலும் இதையொத்த சிதைவு இருந்ததாக மருத்துவர் பென்னட் ஒமாலு அறிவித்தார். 2019இல் ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பொதுமக்களோடு ஒப்பிடும்போது, நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுந்திருந்தது. ஆயினும் தலையில் அடிபட்ட அனைவருக்கும் இந்நிலை நேர்வதில்லை. நாள்பட்ட இச்சிதைவு நோயை உறுதிசெய்ய இறப்பிற்குப் பின் மூளையை ஆராய்வதைத் தவிர வேறு வழி இன்றும் இல்லை. ஒரே அளவு அடி வாங்கிய இருவருள் ஒருவர் தேறுகிறார், மற்றவர் தேறுவதில்லை. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? வயது, பாலினம், மரபு, மதுப்பழக்கம், முந்திய காயங்கள் ஆகியவற்றோடு உணவும் காரணமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் இவ்விடத்தில்தான் எழுந்தது.

ஆற்றல் நெருக்கடி

இதை விளங்கிக்கொள்ள, அடிபட்டவுடன் மூளையின் நரம்பணுக்களில் நிகழ்வதை அறிதல் வேண்டும். உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதமே. ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை மூளையே பயன்படுத்துகிறது. ஆற்றலைப் பெருமளவில் சேமித்து வைக்கும் வசதி அதற்கில்லை. இரத்தத்தின் வழியே குளுக்கோஸும் ஆக்சிஜனும் இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும்.

அதிர்ச்சியால் நரம்பணுவின் மேலுறை இழுபடுகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியிலுள்ள கால்சியம் உள்ளே புகுகிறது. குளுட்டமேட் என்னும் கிளர்ச்சியூட்டும் பொருள் அளவின்றிச் சுரக்கிறது. குலைந்த சமநிலையை மீட்க, அணுவின் மேலுறையிலுள்ள இயக்கிகள் முழுவேகத்தில் உழைக்கின்றன. அதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆனால் அதே வேளையில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. கால்சியம் மிகுந்ததால் அணுவினுள் ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளும் சரிவர இயங்குவதில்லை. தேவை கூடி, வரத்துக் குறைந்த இந்நிலையை ஆற்றல் நெருக்கடி என்பர். விரைவில் மூளை தன் குளுக்கோஸ் பயன்பாட்டையே சுருக்கிக்கொள்கிறது. வளர்ந்த எலிகளில் இச்சுருக்கம் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள்வரை நீடிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதரில் இது மேலும் நீடிக்கலாம்.

வறட்சிக் காலத்தில் கடன்பட்டுப் பயிர் செய்யும் சிறு விவசாயியின் நிலையை இதற்கு ஒப்பிடலாம். ஒரு பருவம் பொய்த்தால் அவர் சமாளித்துக்கொள்வார். கடன் தீருமுன் அடுத்த பருவமும் பொய்த்தால் நிலமே கைவிட்டுப் போகும். ஆற்றல் நெருக்கடி தீராத நாட்களில் மறுபடியும் அடிபடும் மூளையின் நிலையும் இத்தகையதே.

உணவு எவ்வழியில் புகுகிறது?

உணவு நான்கு வழிகளில் இந்நிகழ்ச்சியோடு தொடர்புறுகிறது.

முதலாவது, ஆற்றல். காயமுற்றவர் பட்டினி கிடந்தாலோ, வாந்தியால் நீரிழந்தாலோ, நெருக்கடி மேலும் கடுமையாகிறது.

இரண்டாவது, கொழுப்பு. மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேற்பட்டது கொழுப்புப் பொருளே. நரம்பணுக்களின் மேலுறை இளக்கமாகவும் நன்கு செயற்படுவதாகவும் இருக்க ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலங்கள் தேவை. அவற்றுள் டி.எச்.ஏ. எனப்படுவது தலையாயது. இதை உடல் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது.

மூன்றாவது, பழுதுபார்க்கும் பொருட்கள். நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்ள உதவும் ஒரு வளர்ச்சிப் புரதம் மூளையிலேயே சுரக்கிறது. கற்றலுக்கும் நினைவிற்கும் இது இன்றியமையாதது. உணவின் தன்மைக்கேற்ப இதன் சுரப்பு கூடவும் குறையவும் செய்கிறது.

நான்காவது, அழற்சி. காயம்பட்ட இடத்தில் அழற்சி எழுவது இயல்பு; அது தணியாமல் நீடிப்பதே கேடு. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு உடலெங்கும் மெல்லிய அழற்சியைத் தூண்டுகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டமைப்பையும் மாற்றுகிறது. தலைக்காயமே குடல் நுண்ணுயிர்களை மாற்றுவதும் விலங்காய்வுகளில் காணப்பட்டுள்ளது.

குன்னூரில் ஒரு முன்னோடி ஆய்வு

உணவு நடத்தையை மாற்றும் என்ற கருத்து புதியதன்று. அதற்கான பழைய சான்று ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது. ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் நீலகிரியின் குன்னூரில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஒரு சிறிய அறையில் தோன்றிய அப்பணியே வளர்ந்து, 1958இல் ஹைதராபாதுக்கு மாற்றப்பெற்று, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்று விளங்குகிறது.

மக்காரிசன் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. மற்றோர் ஆய்வில், வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த காய்கறி, டப்பாவில் அடைத்த இறைச்சி ஆகியவை அடங்கிய பிரிட்டிஷ் ஏழை மக்களின் உணவு ஒரு கூட்டத்திற்கு அளிக்கப்பட்டது. அவ்வெலிகள் வளர்ச்சி குன்றியதோடு, பதற்றமுற்றுப் பராமரிப்போரைக் கடிக்கத் தலைப்பட்டன. நாளடைவில் தம்முள் வலிமை குன்றியவற்றைக் கொன்று தின்றன. 1936இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் மக்காரிசன் இதனை விவரித்தார்.

இவ்வெலிகளின் தலையில் எக்காயமும் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. இந்த ஆய்வு நமக்குக் கூறுவது, உடலைப் போலவே நடத்தையும் உணவிற்கு உட்பட்டது என்ற அளவே. காயத்தையும் உணவையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகள் பிற்காலத்தவை.

ஆய்வுக்கூடச் சான்றுகள்

2003இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோமஸ்-பினில்லாவின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவு எலிகளுக்கு நான்கு வாரங்கள் நிறைவுற்ற கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு கொடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு வழக்கமான உணவு. பின்னர் அவற்றுக்கு லேசான மூளைக்காயம் உண்டாக்கப்பட்டது. தண்ணீர்த் தொட்டியில் மறைந்துள்ள மேடையை நீந்திக் கண்டுபிடிக்கும் பயிற்சியில், கொழுப்புணவு உண்டு காயமுற்ற எலிகள் மற்றவற்றைவிடப் பின்தங்கின. மேலே குறிப்பிட்ட வளர்ச்சிப் புரதம் அவற்றின் மூளையில் குறைந்திருந்தது. உணவினால் ஒரு நலிவு, காயத்தினால் ஒரு நலிவு, இரண்டும் கூடியபோது பெரு நலிவு என்பதே இதன் சாரம்.

2004இல் அதே குழுவினர் இதன் மறுபக்கத்தை ஆராய்ந்தனர். மீன் எண்ணெய் சேர்த்த உணவை நான்கு வாரங்கள் உண்ட எலிகளில், காயத்திற்குப் பின்னும் அவ்வளர்ச்சிப் புரதம் இயல்பான அளவில் இருந்தது. கற்கும் திறனில் ஏற்பட்ட குறையும் தணிந்தது. 2006இல் அவர்கள் நம் சமையலறைக்கு நன்கு அறிமுகமான மஞ்சளை எடுத்துக்கொண்டனர். கொழுப்பு மிகுந்த உணவோடு மஞ்சளின் குர்குமின் சேர்த்துக் கொடுத்தபோது, காயத்தின் தீய விளைவுகள் குறைந்தன. ஆனால் இதிலிருந்து மஞ்சள் பொடி மூளைக் காயத்திற்கு மருந்து என்று கொள்வது தவறாகும். குர்குமின் மனிதக் குடலிலிருந்து இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது.

இம்மூன்றும் ஒரேயொரு காயத்தைப் பற்றியவை. மீண்டும் மீண்டும் நேரும் காயத்தையும், உணவையும், வயதையும் ஒருங்கே நோக்கிய ஆய்வு 2015இல் கனடாவின் கால்கரியிலிருந்து வெளிவந்தது. இதில் எலிகளுக்குப் பிறப்பதற்கு முன்பிருந்தே, அதாவது தாய் வயிற்றிலிருந்த காலம் முதலே, கொழுப்பு மிகுந்த உணவோ வழக்கமான உணவோ தரப்பட்டது. பின்னர் சிலவற்றுக்கு 30 நாள் வயதிலும், சிலவற்றுக்கு 60 நாள் வயதிலும், சிலவற்றுக்கு இரு வயதுகளிலும் லேசான தலைக்காயம் உண்டாக்கப்பட்டது. எலிகளின் வாழ்வில் இவை முறையே வளரிளம் பருவமும் இளமைப் பருவமும் ஆகும். சமநிலை, நினைவு, அச்சம், மனச்சோர்வு ஆகியவற்றை அளக்கும் பல சோதனைகள் நடத்தப்பட்டன. கொழுப்பு மிகுந்த உணவு காயத்தின் விளைவுகளைக் கடுமையாக்கியது என்பது அவர்களின் முடிவு. வளரிளம் பருவத்தில் பட்ட அடி, பிற்காலத்துக் காயத்திலிருந்து மீளும் ஆற்றலையும் பாதித்தது.

நம் கவனத்திற்குரிய கருத்து ஒன்று இதில் உண்டு. அடிபட்ட அன்று என்ன உண்கிறோம் என்பதைவிட, அடிபடுமுன் பல காலம் எதை உண்டு வந்தோம் என்பதே இவ்வாய்வுகளில் முன்னிற்கிறது. உணவின் பயன் மருந்தைப் போல் ஒரு நாளில் விளைவதன்று. சேமிப்பைப் போல் நாள்தோறும் சேர்வது.

மனிதரைப் பற்றி எவ்வளவு உறுதியாகக் கூறலாம்?

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது அறிவியலாகாது. ஆய்வுக்கூட எலிக்கு ஒரே உணவு, ஒரே கூண்டு, அளந்து தரப்பட்ட அடி. மனிதனுக்கோ வறுமை, வேலை, குடும்பம், மது, தூக்கமின்மை என்று எத்தனையோ சுமைகள்.

2011இல் அமெரிக்க மருத்துவக் கழகம், படைவீரரின் நலன் கருதி, ஊட்டச்சத்தும் மூளைக்காயமும் பற்றிய சான்றுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கடுமையான மூளைக்காயமுற்றோருக்கு 24 மணி நேரத்துக்குள் ஊட்டம் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களில், உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் அளிக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தர வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகள். சிறு காயங்களைப் பொறுத்தவரை, மேலும் ஆராயத்தக்க பொருட்களையே அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது.

2016இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பருவம் முழுவதும் டி.எச்.ஏ. அளிக்கப்பட்டது. நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம், அதை உட்கொண்டவர்களில் அவ்வளவாக உயரவில்லை. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் இரத்தத்தில் ஒரு புரதம் குறைவதும், மனிதரின் நடத்தை சீர்படுவதும் ஒன்றல்ல. இரண்டாவதை நிலைநாட்டப் பெரிய அளவிலான, நீண்டகால ஆய்வுகள் தேவை.

காரணமும் விளைவும் இடம் மாறக்கூடும் என்பதையும் மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். தலைக்காயமே உணவுப் பழக்கத்தை மாற்றுவதுண்டு. சிலர் மணம் அறியும் திறனை இழக்கின்றனர். உணவு சுவையற்றுப் போகிறது. சிலருக்குத் தன்னடக்கம் குறைந்து, இனிப்பையும் வறுவலையும் அளவின்றி உண்கின்றனர். மனச்சோர்வுற்றோர் சமைப்பதையே விட்டுவிடுகின்றனர். ஆகவே, நடத்தை கெட்டவர் ஒருவரின் உணவும் கெட்டிருந்தால், எது முந்தியது என்று ஆராயாமல் முடிவுகட்டலாகாது.

நம் நாட்டின் தனி நிலை

மேலை நாட்டு ஆய்வுகள் பெரிதும் மிகை உணவைப் பற்றியவை. நம் நாட்டிலோ குறை உணவும் மிகை உணவும் ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில், அருகருகே உள்ளன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், அதே வயது ஆண்களில் 25 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில், ஆறு மாதம் நிறைந்தோரிடையே இது 67 சதவீதம்.

இதன் பொருள் யாது? இரத்தசோகையுற்றவர் இயல்பாகவே களைப்பும் தலைச்சுற்றலும் கவனக்குறைவும் உடையவர். பி-12 வைட்டமின் குறைந்தவருக்கு மறதியும் எரிச்சலும் மனச்சோர்வும் உண்டாகும். மூளை அதிர்வின் அறிகுறிகளும் இவையே. எனவே ஒருவருக்குத் தலையில் அடிபட்ட பின் இக்குறிகள் நீடித்தால், அவை முழுவதும் காயத்தின் விளைவு என்று கருதி விட்டுவிட்டால், எளிதில் நீக்கத்தக்க சத்துக்குறைவு கவனிக்கப்படாமற் போகும். இரும்புச்சத்தும் பி-12உம் குறைந்துள்ளனவா என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். குறையைக் குறைந்த செலவில் ஈடுசெய்யலாம். உணவு பற்றிய ஆராய்ச்சி முழுமை பெறும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்க பணி இது.

பி-12 வைட்டமின் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. தாவர உணவை மட்டும் உண்போர் பாலும் தயிரும் போதிய அளவு கொள்ளுதல் நலம். ஒமேகா-3 கொழுப்புக்கு விலையுயர்ந்த மாத்திரைகளை நாட வேண்டியதில்லை. கடற்கரை மாநிலங்களின் மத்தியும் அயிலையும் டி.எச்.ஏ. நிறைந்த மலிவான மீன்கள். கடுகெண்ணெய், ஆளி விதை, அக்ரோட்டுக் கொட்டை ஆகியவற்றிலும் ஒருவகை ஒமேகா-3 உண்டு. உடல் அதைச் சிறிதளவே டி.எச்.ஏ. ஆக மாற்றிக்கொள்கிறது, எனினும் அது பயனுள்ளதே. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள், நாள் உணவில் பாதியளவு காய்கறி, கீரை, கிழங்கு, பழங்களாக அமைய வேண்டும் என்று கூறுகின்றன. உணவெண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தை மிஞ்சலாகாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மூளைக்காயத்தை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல இவை. ஆயினும் மூளைக்கும் இவை நன்மையே செய்யும்.

மதுவைத் தனியே குறிப்பிட வேண்டும். மது தலைக்காயத்திற்குக் காரணமாகிறது. காயத்தின் அறிகுறிகளை மறைக்கிறது. காயமுற்றவரின் தன்னடக்கத்தை மேலும் குலைக்கிறது. தொடர்ந்து குடிப்போர் உணவைக் குறைத்துக்கொள்வதால் பி-1 வைட்டமின் எனப்படும் தயமின் குறைந்து, மூளை தனியாகவே ஒரு கேட்டிற்கு உள்ளாகிறது. குன்னூரில் மக்காரிசன் ஆராயப் புகுந்த பெரிபெரியும் இதே வைட்டமின் குறைவால் வருவதே.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து அலுவலர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தினரும் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் புலனாகின்றன.

1. அடிபடாமல் காப்பதே முதற்கடமை. தரமான தலைக்கவசத்திற்கு ஈடான உணவு எதுவுமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இரு சக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. இந்தியத் தரக் குறியீடு உள்ள கவசத்தை வாரிட்டு இறுக்கி அணிதல் வேண்டும்.

2. விளையாட்டில் மூளை அதிர்வு ஏற்பட்டதாக ஐயம் எழுந்தாலே அன்றைய ஆட்டத்தை அவர் தொடரலாகாது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் கருத்தும் இதுவே. முதல் 24 முதல் 48 மணி நேரம் உடலுக்கும் மனத்திற்கும் கடும் உழைப்பின்றி இருந்து, பின்னர் இலேசான நடையில் தொடங்கிப் படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று கைவிடப்பட்டுள்ளது.

3. விளையாட்டு விடுதிகளின் உணவுப் பட்டியல், தசை வலிமையை மட்டும் நோக்காமல், மீன் அல்லது முட்டை, பால், பயறு, கீரை, பழம் ஆகியவை நாள்தோறும் இடம்பெறுமாறு அமைய வேண்டும். எடைப் பிரிவுக்காகப் போட்டிக்கு முன் பட்டினி கிடப்பதும், நீரருந்தாமலிருப்பதும் குத்துச்சண்டை, மல்யுத்த வீரர்களிடையே காணப்படும் தீய வழக்கங்கள். வறண்ட உடலோடு அடி வாங்கும் நிலைக்கு எந்தப் பயிற்றுநரும் இடமளித்தலாகாது.

4. ஆரம்ப சுகாதார நிலையங்களில், தலையில் அடிபட்டு வருவோரிடம் முன்னர் இதுபோல் அடிபட்டதுண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் இரத்தசோகை, பி-12, தூக்கம், மதுப்பழக்கம் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். பெண்களிடம் தனியாகவும் பரிவோடும் விசாரிப்பது அவசியம். மீண்டும் மீண்டும் நேரும் காயத்தின் மூலம் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

5. காயமுற்றவர் நேரம் தவறாது உண்ணவும், போதிய நீர் அருந்தவும் வீட்டார் உதவ வேண்டும். மது அறவே கூடாது. மீன் எண்ணெய், மூலிகைக் குளிகை முதலியவற்றை மருத்துவரைக் கேளாமல் வாங்கித் தரலாகாது. விளம்பரங்கள் கூறும் அளவுக்கு அறிவியல் இன்னும் கூறவில்லை.

6. ஓயாத வாந்தி, வலிப்பு, மிகுந்து வரும் தலைவலி, உறக்க மயக்கம், கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவை சிறு காயத்தின் குறிகள் அல்ல.

குணமா, காயமா?

அடிபட்டபின் ஒருவர் முன்போலில்லை என்பதை முதலில் உணர்வது அவருடைய மனைவியும் மக்களுமே. சிறு சொல்லுக்கும் சீறுகிறார், செய்த வேலையை மறக்கிறார், நண்பரைத் தவிர்க்கிறார். இதை ஊரார் திமிர் என்பர், சோம்பல் என்பர், சிலர் செய்வினை என்றும் கூறுவர். பணியிடத்தில் அவருக்கு ஓலை கொடுக்கப்படும். பள்ளியில் மாணவன் மக்கு என்று பெயர் பெறுவான். தலையில் பட்ட அடிகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தட்டில் விழும் உணவையும் எவரும் நோக்குவதில்லை.

உணவு ஒன்றே நடத்தையைத் திருத்தும் என்று இன்றைய அறிவியல் கூறவில்லை. கெட்ட உணவு காயத்தின் சுமையைக் கூட்டும் என்பதற்கு எலிகளில் நல்ல சான்று உள்ளது. மனிதரிலும் அவ்வாறே இருக்கக்கூடும் என்று கருத நியாயமான காரணங்கள் உள்ளன. நல்ல உணவு இதயத்தையும் இரத்தத்தையும் எலும்பையும் காப்பது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. ஆதலால், மூளையைப் பற்றிய கருதுகோள் நாளை தவறென்று தெரியவந்தாலும், இன்று நல்லுணவு அளித்ததனால் எவரும் இழப்பதொன்றுமில்லை. அக்கருதுகோள் சரியென்று உறுதிப்படுமானால், மீண்டும் தன்னிலைக்கு வரும் ஒரு தொழிலாளியும், வகுப்பில் மீண்டும் கவனம் செலுத்தும் ஒரு மாணவனும் நமக்குக் கிடைக்கும் பயனாவர்.

1918இல் குன்னூரின் சிறிய அறையில் தொடங்கிய ஆய்வு மரபும், நரம்பியல் நோயாளிகளைப் பல்லாண்டுகளாகப் பேணிவரும் பெங்களூர் தேசிய மனநல நரம்பியல் நிறுவனம் போன்ற மையங்களின் அனுபவமும் நம் நாட்டில் உள்ளன. ஊட்டச்சத்து அறிஞரும் நரம்பியல் மருத்துவரும் இணைந்து, நம் மக்கள் உண்ணும் உணவையும் அவர்கள் படும் காயத்தையும் ஒருசேர ஆராய்வாராயின், இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை உலகுக்கு இந்தியாவே அளிக்க இயலும். அதுவரை, தலைக்கவசமும், ஓய்வும், நிறைவான உணவும், பரிவான விசாரணையும் எவர்க்கும் மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்வது நம் அனைவரின் பொறுப்பாகும்.